மணிபல்லவத்தில் பிளிமத்

நயினாதீவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவன் தொடக்ககால அமெரிக்க இலக்கியத்தை உயர்தர வகுப்பு மாணவர்முன் வைப்பது வீண்வேலை என்று நண்பர் சிலர் கூறினர். பாடவிதானம் அதனைக் கேட்கவில்லை. பரீட்சையிலும் அது வரப்போவதில்லை. எனினும், 1816ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்திற் பள்ளிகளை நிறுவிய அமெரிக்க மிஷனரிமாரின் சமயமரபு அவர்தம் நாட்டிலே கால்கொண்ட கதையை எம்மவர் ஒருமுறையேனும் படித்தல் தகும் என்பது என் எண்ணம்.

வில்லியம் பிராட்போர்ட் எழுதிய பிளிமத் குடியேற்ற வரலாற்றையே எடுத்துக்கொண்டேன். 1620இல் மேபிளவர் கப்பலில் வந்த 102 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். நூலின் நடையோ 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலம், எழுத்துக்கூட்டலே வேறு. கொழும்பில் வளர்ந்து ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் மாணவியும், தீவைவிட்டு அதிகம் போகாத கடற்றொழிலாளர் மகனும் அதன்முன் ஒரேயளவு இடர்ப்பட்டனர்.

கைகொடுத்தது நம் உரைமரபு. கொண்டுகூட்டி, அரும்பதங்களுக்குப் பொருள் கண்டு, பின் பொழிப்புரைக்கும் முறை தமிழ் வகுப்பிற் பழகியதன்றோ? பிராட்போர்டின் நெடிய வாக்கியங்களையும் அவ்வாறே பிரித்தோம். பொழிப்பு முதலில் தமிழில்; பிறகே ஆங்கிலத்தில். ஆங்கில வகுப்பிலே தமிழ் புகலாகாது என்னும் கொள்கை எனக்கு உடன்பாடன்று. விளங்காததை ஒப்புவித்தல் கிளிப்பிள்ளைக்கும் கைவரும்.

1621 மார்ச்சில் சமோசெற் என்னும் பூர்வகுடியினன் குடியேறியோரிடம் ஆங்கிலத்திற் பேசினான். மீன்பிடிக்க வந்த கப்பற்காரரிடம் பழகிய மொழி அது. இவ்விடத்திற் கடற்றொழிலாளர் மகனின் முகம் மலர்ந்தது. அடுத்து வந்தவன் திஸ்குவாந்தம். 1614இல் கடத்தப்பட்டு, ஸ்பெயினும் லண்டனும் கண்டு, 1619இல் மீண்டபோது கொள்ளைநோயால் அவன் ஊரே அழிந்திருந்தது. அவ்வூர் நிலத்திலேதான் பிளிமத் எழுந்தது.

மாணவி சாதுவனை நினைவூட்டினாள். நயினாதீவே மணிமேகலை கூறும் மணிபல்லவம் என்று கொள்ளும் ஊரல்லவா? கலமுடைந்து ஒதுங்கிய சாதுவன், நாகர் மொழி அறிந்தமையால் உயிர்தப்பினான். (அவன் ஒதுங்கியது மணிபல்லவமன்று, நாகர் மலை.) ஆனால் அங்கே வந்தவன் அவ்விடத்தார் மொழியை அறிந்திருந்தான், பிளிமத்திலோ இருந்தவனே வந்தவர் மொழியைக் கற்றிருந்தான். இவ்வேற்றுமையைக் கண்டவளும் அவளே.

"ஊர் அழிஞ்சதைப் பார்த்து அவன் எந்தப் பாஷையிலை அழுதிருப்பான், சேர்?" என்று கேட்டான் மற்றவன். பிராட்போர்ட் அதனை எழுதவில்லை. 1990களின் இடப்பெயர்வுக்குப் பின் ஆளின்றிப் பாழடைந்த புங்குடுதீவு வீடுகளைக் குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியெல்லாம் கண்டு வளர்ந்த பிள்ளை அவன். நீயே எழுது என்றேன்.

அரைப்பக்கம் தமிழில் எழுதினான். இருவருமாக இரண்டு கிழமை இருந்து அதனை ஆங்கிலமாக்கினர். வினைச்சொற்களை அவள் திருத்தினாள். சொற்பொருளை அவன் விளக்கினான். 'வளவு' என்னும் சொல்லுக்கு மட்டும் அவர்கள் கண்ட ஆங்கிலச் சொல் எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதனை அப்படியே விட்டு, கீழே அரும்பதவுரை எழுதியிருந்தனர்.