கடல்மணலும் செம்மண்ணும்

கால்பந்து என்றதும் கல்லூரித் தேர்வாளர்தம் கண்கள் இரு திசைகளையே நாடும்: வடசென்னை வியாசர்பாடி, குமரிக் கடற்கரை. தவறென்று சொல்லோம். கடல்மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை எளிதன்றோ! இரவிப்புத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கே ஆடினார்.

எம் மேச்சேரிச் செம்மண்ணில் யாம் கண்டவை கபடியும் கைப்பந்துமே. எனினும் இதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய நடராஜன், 2020இல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடினார். ஊரார் ஒருவர் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றிராவிடில்?

விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மாநில அளவிலான சான்றிதழ் கேட்பர். அதற்குப் பள்ளியில் அணி வேண்டும். அணிக்குப் பதினொருவர் வேண்டும். ஆடு மேயும் வெளியில் தனியே பந்துதைத்துப் பழகிய எம்மூர் இளைஞர் ஒருவர், சில ஆண்டுகட்கு முன் வட்டார அளவிலான சான்றிதழ் ஒன்றை மட்டும் கொண்டுவந்தார். தேர்வுக் குழுவில் யாமும் இருந்தோம். கடற்கரை மாணவர்தம் சான்றிதழ்க் கட்டு மேசைமேல் கனத்துக் கிடந்தது. 'ஆடவிட்டுப் பார்ப்போம்' என ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொன்னோமில்லை.

அவர்தம் தந்தையைச் சந்தையில் காண்பதுண்டு. முகம் கோணாமல் முதலில் வணங்குபவர் அவரே. சென்ற முறை, யாம் கேளாமலே சொன்னார்: "பையன் தறிக்குப் போறானுங்க, வாத்தியாரய்யா."