வடபுறத்து ஜன்னல்

ஆகாய விமானத்தில் ஜன்னலோரத்து ஆசனம் கிடைத்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்போர் சிலரே. தில்லியிலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமன்று. ஆனால் குவாஹாட்டிக்கோ பாக்டோக்ராவுக்கோ செல்லும் அன்பர்கள் இதனை அலட்சியம் செய்யலாகாது. விமானம் கிழக்கு நோக்கிப் போகிறது; இமயமலை முழுவதும் இடக்கைப் பக்கத்திலே. வலப்பக்கத்தில் அமர்ந்தவர் இரண்டு மணி நேரமும் கங்கைச் சமவெளியின் புழுதியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

என் தாயாருக்கு வயது 78. பத்ரிநாத யாத்திரை அவருடைய நெடுநாள் ஆசை. முழங்கால்களும் வைத்தியரும் அதற்கு இணங்கவில்லை. சென்ற கார்த்திகையில் குவாஹாட்டியிலுள்ள என் தங்கை வீட்டுக்கு அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தபோது, மலைக்குப் போக முடியாதவருக்கு மலையையேனும் காட்டிவிடலாமே என்று தோன்றிற்று.

இருபுறமும் மும்மூன்று ஆசனங்கள் உள்ள விமானங்களில் 'ஏ' என்பது இடப்பக்க ஜன்னல். 'எஃப்' வலப்பக்க ஜன்னல். அதை அறிந்தால் மட்டும் போதாது. நடு வரிசைகளில் அமர்ந்தால் இறக்கைதான் காட்சி. அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தாலோ, எஞ்சினிலிருந்து வரும் வெப்பக்காற்று கானலைப் போல் நடுங்கி, மலையின் விளிம்பைக் கலக்கிவிடும். முன்வரிசைகளே உத்தமம். அவற்றுக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள், கொடுத்தேன். (அதன் பொருட்டு வீட்டில் நடந்த விவாதம் இங்கே வேண்டாம்.)

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்குத் தக்க காலம். மழை ஓய்ந்து, மலைப்பக்கத்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். சூரியன் தென்புறம் நிற்பதால் வெயில் நம் கண்ணில் படாமல் மலைமுகத்தில் படும். காலை விமானமே நன்று. பொழுது ஏற ஏறச் சிகரங்களில் மேகம் கூடிவிடும்.

மூன்றாம் ஆசனத்து இளைஞர் கைபேசியில் படம் பார்ப்பதற்காக ஜன்னல் மறைப்பை இறக்கச் சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவரே வேண்டாமென்று விட்டுவிட்டார். தௌலகிரியும் அன்னபூர்ணாவும் தோன்றியபோது எங்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தவரும் அவர்தாம்!

எவரெஸ்ட் 8,849 மீட்டர் உயரமுடையது. ஆயினும் லோட்சே, நுப்ட்சே என்னும் மதிலுக்குப் பின்னால் தலையை மட்டுமே காட்டும். அதற்குக் கிழக்கே நிற்கும் மகாலுவை எவரெஸ்ட் என்று மயங்குவது எளிது. கஞ்சன்ஜங்காவோ அப்படியன்று. 8,586 மீட்டர்தான், ஆனால் பாதைக்கு அண்மையில், தன் பரிவாரத்தோடு ஜன்னலை நிறைத்துக்கொண்டு நிற்கும். 1955-இல் அதில் முதன்முதல் ஏறியவர்கள், சிக்கிம் மக்களின் நம்பிக்கையை மதித்து உச்சியை மிதிக்காமல் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நல்லவாளா இருக்கணும்" என்றார்.

பிறகு, "கைலாசம் எதுடா?" என்று கேட்டார்.

ஏதேனும் ஒரு வெண்சிகரத்தைக் காட்டியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. "அது இந்த மலைகளுக்கெல்லாம் அப்பால், திபெத்தில் இருக்கிறது அம்மா. இங்கிருந்து தெரியாது" என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். "எந்தப் பக்கம்?" என்றார். நாங்கள் கடந்து வந்த வடமேற்குத் திசையைக் காட்டினேன். ஆசனத்தில் இயன்ற மட்டும் உடலைத் திருப்பி, கண்ணாடியில் நெற்றி படும்படி கைகூப்பினார். தேநீர் கொண்டுவந்த பெண் சிறிது நேரம் காத்து நின்றாள்.

திரும்பும் பயணத்தில் பக்கம் மாறும். 'எஃப்' வரிசையைக் கேட்க வேண்டும். குவாஹாட்டியில் கார்த்திகை மாதத்தில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடுவதால், மாலை விமானத்தில் எந்த ஜன்னலும் பயன்படாது. முற்பகல் விமானமாகப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் தங்கை சீட்டு எடுக்கும்போது, "வலது பக்கந்தானே?" என்று அம்மா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.