மாமு தைத்த அங்கி

நம் தமக்கையின் பேத்திக்குப் பதினாறு வயது. கொரிய நாட்டு இளைஞர் எழுவர் சேர்ந்து பாடும் பாட்டுகளை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், பிசகின்றி ஒப்பிக்கிறாள். மத்ரஸாவில் ஸர்ஃபு வாய்பாட்டை மனனம் செய்ய நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு அவளை வியப்போடு பார்ப்பதுண்டு. துருக்கியர் எடுத்த எர்துருல் தொடரை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் உஸ்மானியர் வரலாற்றில் நம்மையே குறுக்கு விசாரணை செய்வாள். பாட்டு, படம், நாடகம், யாரோ எங்கோ ஏற்றிவைத்த பழைய இசைத்தட்டின் உறை என்று அவளுடைய கைத்தொலைபேசியில் கிடைக்காத விந்தை இல்லை. ஒருநாள் மக்ரிபு தொழுகை முடித்து நாம் திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஓடிவந்தாள்.

"சின்ன நன்னா, அலிபாபா படத்தை நம்ம சேலத்திலேதான் எடுத்தாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவா! வாசக நேயர்களே, அப்படத்தில் திருடர்கள் அணிந்து வரும் அங்கிகளில் சில நம் மாமுவின் கையால் தைக்கப்பட்டவை. இதை நாம் நாற்பது ஆண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லை. பெருமைப்பட ஒன்றுமில்லை என்று முதலில் எண்ணியிருந்தோம். பின்னர் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் காரணம் வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. உள்ளே இருந்த படப்பிடிப்புக் கூடங்கள் போய்விட்டன. அவ்விடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து சென்று நெசவுத் தொழிற்கல்வி கற்றுத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வெளியே, ஒரு மாவட்டத் தலைநகரில், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துக் குவித்த நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' 1938-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. 1956-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழில் முழுநீளமும் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதற்படம். முதலாளி காலத்தோடு வருபவர், காலத்தோடு வராதவரைப் பொறுக்காதவர் என்று மாமு சொல்லுவார். சுந்தரம் 1963-இல் காலமான பிறகும் மாமு அங்கேதான் வேலை பார்த்தார்.

மாமு நம் அம்மாவின் மூத்த சகோதரர். சேலம் கோட்டைப் பகுதியில் ஒரு சிறு ஓட்டு வீடு. பள்ளி விடுமுறைக்கு நாம் நாமக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி அங்கே போவோம். கால்மிதித் தையல் இயந்திரத்தின் ஓசையோடு மாமுவின் முணுமுணுப்பும் கேட்கும். பெரும்பாலும் நாகூர் ஹனீபாவின் பாட்டாகவே இருக்கும். இலங்கை வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சி வரும் நேரம் அவருக்குக் கடிகாரம் பாராமலே தெரியும். ஹனீபாவின் குரல் உச்சத்துக்கு ஏறும்போது இயந்திரத்தின் வேகமும் ஏறும், மாமி உள்ளேயிருந்து, "ஊசி ஒடியப் போகுது!" என்பார்.

அவர் சொன்ன தொழிற்கதைகளில் இரண்டு நினைவிருக்கின்றன. ஒன்று, அலிபாபா படத்துக்கு அங்கி தைத்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தைக்கும்போது துணியின் நிறம் எப்படியிருந்தாலும் கவலையில்லையாம். வண்ணப்படம் என்றதும் ஒவ்வொரு துண்டுக்கும் நிறம் பார்த்து, விளக்கொளியில் பிடித்துக் காட்டி, ஒப்புதல் வாங்க வேண்டியிருந்ததாம். மற்றொன்று, ஒரு மலையாளப் படத்துக்குப் புதிய கோட்டு ஒன்றைத் தைத்து, அதை உடனே கிழித்து, சுண்ணாம்பிலும் தேயிலைச் சாயத்திலும் நனைத்து, ஒட்டு மேல் ஒட்டாகப் போட்டுப் பழங்கோட்டாக்கியது. "புதுசைப் பழசாக்குறதுதான் பெரிய வேலை, மருமகனே" என்பார். அந்தப் படம் எது, அந்தக் கோட்டு யாருக்கு என்று கேட்கும் வயது நமக்கு அப்போது இல்லை.

அலிபாபாவுக்கு வருவோம். குகைக் கதவைத் திறக்கச் சொல்லும் மந்திரச் சொல்லாகிய 'சீசேம்' என்பதைச் சேலத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓதித் திரிந்தார்கள். நம் மத்ரஸாவில் கழிப்பறைக் கதவு தாழிட்டுக்கொண்டால்கூட அந்த மந்திரத்தைக் கூவுவார்கள். பின்னாளில் வேலூரில் ஓதும்போது 'சிம்சிம்' என்னும் அரபுச் சொல் அகராதியில் எதிர்ப்பட்டது. பொருள்: எள். நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். நம் தந்தையார் சந்தைதோறும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்ற எள்ளா அந்தப் பொக்கிஷத்தைத் திறந்தது! அரபு நாடுகளில் 1979-இல் தொடங்கிய குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் 'இஃப்தஹ் யா சிம்சிம்', அதாவது 'எள்ளே, திற' என்றே பெயர் வைத்தார்கள்.

சொல் அரபாக இருக்கிறதே, கதை அரபு மூலத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினோம். 1835-இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வெளியிட்ட 'அல்ஃப லைலா வலைலா'வில் அலிபாபா இல்லை. பாரிஸில் உள்ள பழைய ஷாம் நாட்டுக் கையெழுத்துப் பிரதியிலும் இல்லை. அக்கதையை முதன்முதல் அச்சேற்றியது அந்துவான் காலாந் என்னும் பிரெஞ்சுக்காரரின் மொழிபெயர்ப்பு. அவருக்குக் கதையைச் சொன்னவர் ஹலபு நகரிலிருந்து பாரிஸுக்குப் போன ஹன்னா தியாப் என்னும் கிறிஸ்தவ இளைஞர். சொன்ன ஆண்டு 1709. காலாந் தம் நாட்குறிப்பில் அதை அலிபாபாவின் பெயரால் குறிக்கவில்லை; அடிமைப்பெண் மர்ஜானாவின் சாதுரியக் கதையாகவே குறித்துவைத்தார். பானுமதி ஏற்ற வேடம் அது. கதையில் மெய்யான வீரம் அவளுடையதுதான். அலிபாபா பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஹன்னா தியாப் தம் முதுமையில் எழுதிய பயணநூலின் கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதை அறிஞர்கள் அடையாளம் கண்டு பதிப்பித்தது நம் காலத்தில்தான். கதை சொன்னவரின் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. அங்கி தைத்தவரின் பெயரும் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை என்பது இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது.

நம் இளமையில், ஆலிம்கள் வீட்டில் பாட்டுப் பேச்சு எடுப்பதே அரிது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் 'ஒலியும் ஒளியும்' வரத் தொடங்கியபின், ஜும்ஆ நாளின் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நம் ஓதல் வகுப்பு பாதியாகிவிடும். நாமும் மேடைகளில் அதைக் கண்டித்துப் பேசியிருக்கிறோம். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் பாட்டுக் கேட்பதற்கென்றே தனிப்பகுதி ஒதுக்கி, பாட்டின் பொருள், கேட்பவனின் உள்ளம், கேட்கும் சூழல் என்று பகுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதையும், அபூபக்கர் (ரலி) கடிந்துகொண்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விட்டுவிடச் சொன்னதையும் புகாரியில் நாம் ஓதித்தான் இருந்தோம். மாறுபட்ட கருத்துடைய இமாம்களும் பலர், அதையும் ஓதியிருந்தோம். ஓதியதெல்லாம் வேண்டிய நேரத்தில் நாவுக்கு வருவதில்லை.

1990-ஆம் ஆண்டு. நாம் ஸனது பெற்று ஊர் திரும்பிய புதிது. வயது இருபத்திரண்டு, தலையில் புதுத் தலைப்பாகை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மஸாயில் சொல்லிக்கொண்டிருந்தோம். படக்கம்பெனி மூடிப்போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாமு சேலத்திலிருந்து வந்தார். கக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. பெரியவர்கள் எல்லாரும் அசரு தொழப் போனபின் நம்மருகில் அமர்ந்து, மரியாதையாக, அவருடைய மடியில் வளர்ந்த நம்மை 'ஹஜ்ரத்' என்றே அழைத்துக் கேட்டார்:

"ஹஜ்ரத், இது பத்திருபது வருசமாச் சேத்தது. எல்லாம் கம்பெனியிலே தைச்ச கூலி. இதைக் கொண்டு நான் ஹஜ்ஜுக்குப் போகலாமா?"

நாம் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சினிமாப் பணம் சந்தேகத்துக்குரியது. சந்தேகத்தை விட்டு விலகுவதே பேணுதல். ஹஜ்ஜுக்கு மிகத் தூய பொருளே வேண்டும் என்று மளமளவென்று சொன்னோம். அரபு மேற்கோளும் சொன்னதாக நினைவு. மாமு சிறிதுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சரிங்க ஹஜ்ரத்" என்றார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டார். அவர் விடைபெறும்போது நம்மை வழக்கம்போல 'மருமகனே' என்று அழைக்கவில்லை என்பதை அம்மாதான் கவனித்துச் சொன்னார்.

இரண்டாண்டு கழித்து வேலூர் சென்றிருந்தபோது, நம் உஸ்தாது ஒருவரிடம், நாம் சொன்ன தீர்ப்பை ஏறக்குறைய ஒரு சாதனைபோல எடுத்துரைத்தோம். அப்பெரியவர் கையிலிருந்த கிதாபை மூடிவிட்டு, "அவர் என்ன வேலை செய்தார்?" என்றார். தையல் என்றோம். "தைத்தாரா, ஆடினாரா?" தைத்தார் என்றோம். "உடம்பை மறைக்கிற துணியைத் தைத்துக் கூலி வாங்கியவனுக்கு நீர் எந்தக் கிதாபிலிருந்து ஹராம் எடுத்தீர்?" நம்மிடம் பதில் இல்லை. "பேணுதல் உமக்கென்றால் நீர் பேணும். கேட்க வந்தவருடைய ஹஜ்ஜை வைத்துப் பேணாதீர். இன்றைக்கே போய்ச் சொல்லும்" என்றார்.

அன்றைக்கே போகவில்லை. வாசக நேயர்கள் நம்மை மன்னிக்க வேண்டியதில்லை, நடந்ததைச் சொல்கிறோம். சேலம் வழியாகத்தான் பேருந்து வந்தது. கோட்டையில் இறங்கினால் பத்து நிமிட நடை. தாய்மாமனிடம் போய், ஆலிமாகிய நாம் சொன்னது தவறு என்று எப்படிச் சொல்வது? பெருநாள் வரட்டும் என்றிருந்தோம். பெருநாள் வந்தது, வீடு நிறைய ஆள் இருந்தது. அடுத்த பெருநாளில் மாமு நோயில் கிடந்தார். ஹஜ்ஜைப் பற்றி அப்போது பேசுவது கொடுமை என்று தோன்றியது, அல்லது அப்படித் தோன்றியதாக வைத்துக்கொண்டோம். 1994-இல் அவர் மௌத்தாகிவிட்டார். தகரப்பெட்டிப் பணம் என்ன ஆயிற்று என்று மாமியிடம் பின்னர் கேட்டபோது, பாதி மருந்துக்குப் போயிற்று, பாதி பக்கத்துவீட்டு லாரி ஓட்டுநர் விபத்தில் இறந்தபோது அவர் பிள்ளைகளுக்குப் போயிற்று என்றார். "ஹஜ்ஜுக்கு ஆகாத காசு இதுக்காவது ஆகட்டும்னு கொடுத்தாக" என்று மாமி சாதாரணமாகச் சொன்னார். அவரிடம் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

நமக்கு ஹஜ் வாய்த்தது 2012-இல். அடுத்து வாய்த்தபோது மாமுவுக்காக பதல் ஹஜ் செய்தோம். அதைக் கொண்டு கணக்கு நேராகிவிட்டது என்று நாம் எண்ணவில்லை.

இவ்வளவையும் பேத்தியிடம் சொல்லவில்லை. அங்கிக் கதையையும் பழங்கோட்டுக் கதையையும் மட்டும் சொன்னோம். அவள் சும்மா இருப்பாளா? அங்கேயே தொலைபேசியைத் துழாவிக் கண்டுபிடித்துவிட்டாள். "நன்னா, அது 1961-லே வந்த படம். 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்திலே முதல் கலர் படமாம். மாடர்ன் தியேட்டர்ஸ்தான். பாபுராஜ் மியூசிக். கதை சொல்லட்டுமா?" என்று படித்தாள். மலபாரில் ஏழைச் செருப்புத் தைப்பவர் ஒருவர். ஹஜ்ஜுக்குப் போவதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தம்முடைய ஒட்டுப்போட்ட கோட்டுக்குள் வைத்துக் காக்கிறார். ஒரு பெண்ணின் திருமணம் சீதனத்தால் தடைப்படும்போது, அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

நாம் மத்ரஸாவில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த வரலாறு ஒன்றுண்டு. அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) மக்காவில் கனவு காண்கிறார்கள். திமிஷ்கில் இருக்கும் அலீ இப்னு முவஃப்பக் என்னும் செருப்புத் தைப்பவர் அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு வராமலே அவருடைய ஹஜ் ஏற்கப்பட்டதாக அறிகிறார்கள். தேடிப்போய் விசாரித்தால், ஹஜ்ஜுக்கென்று சேர்த்ததைப் பசித்த அண்டை வீட்டாருக்கு அவர் கொடுத்துவிட்டிருந்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கும். மாமு அந்தக் கோட்டைத் தைத்தவர். அது எந்தக் கதைக்கு என்று தைத்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டுதான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி நம்மிடம் வந்தாரா? லாரி ஓட்டுநரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அதை நினைத்தாரா? கேட்க வேண்டியவரிடம் கேட்கும் காலம் போய்விட்டது.

"அலிபாபாவைப் போடட்டுமா நன்னா? மாமு தைச்சது எது, காட்டுங்க" என்றாள் பேத்தி. நாம் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டோம். திருடர் கூட்டம் குதிரைமேல் வந்தது. நிறுத்தச் சொன்னோம். உள்ளங்கை அகலத் திரையில் சிவப்பும் பச்சையுமாகச் சில அங்கிகள் தெரிந்தன, நிறம் மங்கியிருந்தது. இதுவோ, அதுவோ, சொல்ல முடியவில்லை. "பெரிசாக்கட்டுமா?" என்று விரல்களால் அகற்றினாள். தையல் தெரியவில்லை, வெறும் புள்ளிகளே தெரிந்தன. "கொஞ்சம் பின்னால் போ" என்றோம். இஷாவுக்கு பாங்கு சொல்லும்வரை அவள் அலுக்காமல் நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.