பையில் ஒரு மடக்குக் கத்தி

பாக்கு நறுக்க, கயிறு அறுக்க, பழம் சீவ மடக்குக் கத்தி ஒன்று நம் தோட்டத்து ஆண்களின் பையில் எப்போதும் இருக்கும். எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று, 1890இல் ஜோசப் ஒப்பினெல் பிரான்சில் உருவாக்கிய வகை. மரப்பிடி, கனமே இல்லை. 1955இல் சேர்க்கப்பட்ட வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். ஆனால் ஜொகூர் மழைக்காலத்தில் மரம் ஈரத்தில் ஊதிவிடும். அலகைத் திறப்பதற்குள் நகம் நோகும். சாதாரண எஃகு அலகு என்றால், துடைக்காமல் வைத்தால் துருவும் ஏறும்.

மற்றது சுவிட்சர்லாந்தின் விக்டோரினோக்ஸ். 1897இல் பதிவான அதிகாரிகள் கத்தியின் வாரிசு. எளிதில் துருப்பிடிக்காது, கத்தரிக்கோலும் உண்டு. ஆனால் என்னுடையதில் பூட்டில்லை. அறுப்பதற்குச் சரி, அழுத்திக் குத்தினால் அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும்.

ஆகவே, வளையப் பூட்டும் துருப்பிடிக்காத அலகும் உள்ள ஒப்பினெலே என் தேர்வு. விரலைவிட நகம் நோவது மேல்!

என்னிடம் படித்து, இன்று வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'பழம் நறுக்கத்தான் வைத்திருக்கிறேன்' என்ற பேச்சு நள்ளிரவில், பட்டணத்துத் தெருவில் எடுபடாது. வேலை முடிந்ததும் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.