ரவுட்டர் ஏன் ஒரு நிமிடம் சும்மா இருக்கிறது?

கரண்ட் போய் வந்தால் எங்கள் கணினி அறையில் முதலில் கேட்கும் சத்தம், "சேர், வைபை வருதில்ல." ரவுட்டரில் லைட் எரியும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பெயர் போனில் வந்துவிடும். 5 கிகாஹேர்ட்ஸ் பெயரை மட்டும் காணக் கிடைக்காது. ஒரு நிமிடம் போனால் அதுவும் தானாக வரும்.

வயர் இழுக்க வந்த தம்பி, என்னிடம் ஏ.எல். படித்த பிள்ளைதான், இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார். "செட்டிங்ல நாட்டை மாத்திப் போடுவம் சேர், உடனே வரும்." வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். ஏணியில் நிற்கிறவரிடம் சொல்லி முடிகிற கதையல்ல, அதனால் இங்கே எழுதுகிறேன்.

5 கிகாஹேர்ட்ஸில் பெரும்பகுதி ராடர்கள் முதலிலிருந்தே பாவித்து வரும் இடம். வைபை பிறகு வந்து குடியேறியது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அந்த இடத்தை வைபைக்கும் திறந்துவிட்டது. ஆனால் ராடர் இருந்தால் நீ ஒதுங்க வேண்டும் என்பது நிபந்தனை. 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையுமான சனல்களில் ரவுட்டர் பேசத் தொடங்குமுன் 60 செக்கன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இடையில் ராடர் துடிப்புக் கேட்டால் 10 செக்கனுக்குள் அந்தச் சனலை விட்டு வெளியேற வேண்டும். 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ஐரோப்பாவில் 5600 முதல் 5650 மெகாஹேர்ட்ஸ் வரை என்றால் கேட்கும் நேரமே 10 நிமிடம்.

(துறைமுகத்துக் கப்பல்தான் வைபையை வெட்டுகிறது என்று எங்கள் பக்கத்து வீட்டு நாநா சாதிப்பார். கப்பல் ராடர்கள் பெரும்பாலும் 3, 9 கிகாஹேர்ட்ஸ்களில் ஓடுபவை. பாவம் கப்பல்.)

அந்த 5600இல் அப்படி என்ன இருக்கிறது? 1985 ஆகஸ்ட் 2ஆம் திகதி, அமெரிக்காவின் டல்லாஸில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம், இடிமேகத்திலிருந்து செங்குத்தாகக் கொட்டித் தரையில் நாலாபக்கமும் பரவும் காற்றுக்குள் மாட்டியது. அந்தக் காற்று முதலில் எதிர்க்காற்றாக வந்து விமானத்தைத் தூக்கும். சில செக்கன்களில் பின்காற்றாக மாறிக் கைவிட்டுவிடும். 137 பேர் இறந்தார்கள். இந்த மாதிரிக் காற்றை முன்கூட்டியே பிடிக்கத்தான் பிறகு அங்குள்ள பெரிய விமான நிலையங்களுக்கு அருகில் தனி டொப்ளர் ராடர்களை வைத்தார்கள். அவை பாவிப்பது 5600 முதல் 5650 வரை.

அந்த ராடர் அனுப்பும் துடிப்பின் உச்சம் 250 கிலோவாட். மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவதோ அற்பத்திலும் அற்பம். அதைக் கேட்கக் காத்திருக்கும்போது ஒரு கூரையிலிருந்து ஒரு வாட் கூட இல்லாத பெட்டி அதே அலையில் பேசினால், ராடர் திரையில் அந்தத் திசை முழுக்க ஒரு ஆப்பு மாதிரி அழிந்துபோகும். 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் விமான நிலைய ராடரில் இதுதான் நடந்தது. தேடிப்போனால் உயரமான இடங்களில் பூட்டிய இன்டர்நெட் லிங்குகள். அமெரிக்க ஆணைக்குழு பிறகு தண்டப்பணம் விதித்த சிலர், ராடருக்கு ஒதுங்கும் வசதியையே அணைத்து வைத்திருந்தார்கள்.

நாட்டை மாற்றிப் போடுவது அதையேதான் வேறு வழியில் செய்வது. நாலு சுவருக்குள் இருக்கும் என் ரவுட்டரால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தம்பி சொல்லலாம், அது ஓரளவு சரிதான். ஆனால் அவர் நாளைக்கு ஏறப்போவது ஏதோ ஒரு ஹோட்டலின் தண்ணீர் டாங்கிக்கு மேலே. கை பழகிய செட்டிங்கைத்தான் அங்கேயும் போடுவார்.

காத்திருக்க ஏலாதவர்களுக்கு 36, 40, 44, 48 இருக்கின்றன. அங்கே ஒரு செக்கனும் காத்திருக்கத் தேவையில்லை. சனம் கூட, அவ்வளவுதான். கூரையில் லிங்க் போடும் பிள்ளைகள் 120, 124, 128 பக்கம் போகாதீர்கள். 80 மெகாஹேர்ட்ஸ் அகலம் வைத்தால் 116இல் நின்றாலும் கால் அங்கே நீளும், அதையும் பாருங்கள்.