கையெழுத்துப் போட மாட்டேன்

வுப்பர்டால், ஜெர்மனி

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பையன் சாக்ஸஃபோன் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான். இந்த வாரம் கீழ்வீட்டு அம்மாள் ஒரு புகார்க் கடிதத்தோடு வந்து என் கதவைத் தட்டினார். முதல் கையெழுத்தை நான்தான் போடவேண்டுமாம். அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு போகிறவள் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தட்டில் கரண்டி உரசினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன், சட்டைக் காலரில் இருக்கும் லேபிளைக் கத்தரிக்காமல் போட்டுக்கொள்ள முடியாது, டியூப் லைட் துடித்தால் தலை சுற்றும். "உங்களைவிட இதில் யாருக்குக் கஷ்டம்?" என்றார். போட மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை இதைவிட மோசமாக அலறும் சாக்ஸஃபோனைக் காசு கொடுத்துக் கேட்கப் போகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். அந்த அம்மாள் இப்போது மாடிப்படியில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறார்.

இந்த நாட்டில் சத்தத்துக்கு ராகுகாலம் எமகண்டம் எல்லாம் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஊர் அடங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் அன்று புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடக்கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. வாத்தியத்துக்குத் தனி நியாயம். ஆக்ஸ்பர்கில் ஒரு டிரம்பெட் கலைஞரின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர் மாடியறையில் மட்டும், வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊதவேண்டும் என்று கீழ்க்கோர்ட் கட்டிப்போட்டது. வழக்கு கார்ல்ஸ்ரூயே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 அக்டோபரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதிகள், வேலை நாளில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம், வழக்கமான ஓய்வு நேரத்தை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். நம் மூன்றாம் மாடிப் பையன் அதில் பாதிகூட வாசிப்பதில்லை. சட்டம் அவன் பக்கம். ஞாயிறு காலை சர்ச் மணி ஜன்னலை அதிரவைக்கிறதே, அதற்கு எதிராக யாரும் கையெழுத்து வாங்க வருவதில்லை.

இப்படிப்பட்ட நாட்டில்தான், அதுவும் இதே ஊரில்தான், சாக்ஸஃபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான் வாழ்ந்தார். 1968 மே மாதம் ப்ரேமனில் மூன்று சாக்ஸஃபோன், இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ், ஒரு பியானோ என்று தன்னையும் சேர்த்து எட்டுப் பேராக 'மெஷின் கன்' ஆல்பத்தைப் பதிவு செய்து, தானே வெளியிட்டவர். டிரம்பெட் கலைஞர் டான் செர்ரி அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் தலைப்பாயிற்று. ஆரம்பமே சரமாரியாகச் சுடுகிற மாதிரி இருக்கும். அதை நான் வீட்டில் ஸ்பீக்கரில் கேட்பதில்லை, அடுத்த வெடி எங்கிருந்து வரும் என்று உடம்பு முறுக்கேறிவிடும். 2023இல் காலமாகும்வரை அவர் இந்த ஊர்க்காரர்தான்.

நான் போவது 'ஓர்ட்' என்கிற சின்ன கூடத்துக்கு. பாஸ் கலைஞர் பீட்டர் கோவால்டின் இடம் அது. அவர் 2002இல் இறந்த பிறகும் கச்சேரிகள் தொடர்கின்றன. வெள்ளிக்கிழமை எனக்கு நேர் எதிரே சாக்ஸஃபோன்காரர். ரீடை நாக்கில் ஈரப்படுத்துகிறார், தோள் ஏறுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, பிறகுதான் அலறல். சத்தம் வருமுன் வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் எனக்குத் தூக்கிவாரிப் போடுவதில்லை. நடுவில் ஸ்வரமே இல்லாமல் வெறும் மூச்சும், சாவிகள் குழாயில் டப் டப்பென்று மூடும் ஓசையும் மட்டும் கொஞ்ச நேரம். கூட்டம் இருமக்கூட இல்லை. ஓட்டலில் உட்கார்ந்தால் பேச்சு, பாட்டு, பாத்திரம், காபி மெஷின் எல்லாம் ஒன்றாகக் காதில் விழும். அதில் ஒன்றை மட்டும் பொறுக்கிக் கேட்டாகவேண்டும். எனக்கு அந்தச் சல்லடை கிடையாது. இங்கே பொறுக்க வேண்டியதில்லை. எல்லாமே கேட்பதற்காக வைத்தது.

வலிக்காது என்று சொல்ல வரவில்லை. சிம்பல் எனக்கு ஆகவே ஆகாது, அதனால் டிரம்ஸுக்கு எதிர்ப்பக்கம், பாஸ் ஓரமாக இடம் பிடிப்பேன். காதில் வைக்கும் பஞ்சு மாதிரியான அடைப்பான் மேல் ஸ்தாயியை அதிகமாக விழுங்கிவிட்டு வெறும் கடமுடாவை மிச்சம் வைக்கும். இசைக்காரர்கள் வைக்கும் ஃபில்டர் அடைப்பான் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் போல, குறைக்கும். இங்குள்ள காது டாக்டர் ஒருவர் என் காதைச் சோதித்துவிட்டு, எந்நேரமும் அடைத்து வைத்தால் காது இன்னும் கூச்சப்படும் என்றார். அது சரி. அதே மூச்சில் கச்சேரிக்கே போகாதீர்கள் என்றாரே, அதுதான் விளங்கவில்லை.

அவர் கும்பகோணத்தில் பிறந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நாயனக்காரருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சீவாளியை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு கெட்டிமேளம் கேட்டு வளர்ந்தவள் நான். அது என்னை ஒருநாளும் துரத்தியதில்லை. மண்டப வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் அழவைத்தது. இங்கே முறுக்கிப் பிழிந்து சாக்ஸஃபோனிலிருந்து எடுக்கும் குரல் நாயனத்தோடு கூடவே பிறந்தது என்று நான் சொன்னால், ஊர்ப்பெருமை பேசுகிறாள் என்பார்கள். பேசுகிறேன்தான். பாஸ்டனில் 1923இல் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ மலேசியாவிலும் இந்தியாவிலும் போய் நாகஸ்வரம் கற்றுக்கொண்டார், ஜாஸ் மேடைகளில் அதை வாசித்தார், கடைசியில் இங்கே பக்கத்திலிருக்கும் கொலோனில் குடியேறி 2009இல் அங்கேயே காலமானார். அவரிடமாவது கேட்டிருக்கலாம்.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு மேர்ஸ் ஊரில் பெரிய இசை விழா, 1972இலிருந்து நடக்கிறது. நண்பர்கள் டிக்கெட் எடுத்துவிட்டு என்னையும் கூப்பிடுகிறார்கள். மைக், பெரிய ஸ்பீக்கர், கையில் பீரோடு அலைகிற கூட்டம், இதெல்லாம் எனக்குச் சரிப்படாது. அவர்கள் போய்விட்டு வந்து கதை சொல்லட்டும்.