மூன்று சிறைகளின் மார்கரெட்

அடையாறில் அன்னி பெசன்ட் பெயரைச் சொன்னால் ஆட்டோ கிளம்பிவிடும். மார்கரெட் கசின்ஸ் என்று சொல்லிப் பாருங்கள், “அது எந்தப் பக்கம் சார்?” என்பார் ஓட்டுநர். விவரம் அறிந்தவர்கள், 1919-ல் மதனப்பள்ளியில் ‘ஜன கண மன’ மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதிய அயர்லாந்துப் பெண்மணி என்பார்கள். அதோடு சரி. எனக்கோ அவர் கண்ட சிறைகள் மேல்தான் கண்.

அயர்லாந்துப் பெண்களுக்குத் தீவாந்தர சிட்சை புதிதல்ல. 1788 முதல் 1853 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய பெண் கைதிகள் சுமார் 25,000 பேர். துணி திருடியது போன்ற குற்றங்கள்தான் நிறைய. உயரம், கண் நிறம், தழும்பு எல்லாம் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பெண்களின் தரப்பு நியாயம் மட்டும் இருக்காது. பேத்திகள் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பாட்டியைத் தேடுகிறார்கள்.

1878-ல் பாயில் என்ற சிற்றூரில் பிறந்த மார்கரெட்டுக்கு அந்த நிலை இல்லை. கணவர் ஜேம்ஸுடன் சேர்ந்து, தன் கதையைத் தானே புத்தகமாக எழுதிவிட்டார். பெண்களுக்கு வோட்டு கேட்டு 1910-ல் லண்டனில் மந்திரிகள் வீட்டு ஜன்னல்களை உடைக்கும் போராட்டத்தில் இறங்கினார். ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913-ல் டப்ளின் கோட்டையின் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார். டல்லமோர் சிறை, உண்ணாவிரதம். சங்கீதப் பட்டதாரி அவர், கைக்கு வேகம் இருந்திருக்கும்!

1915-ல் இந்தியாவுக்கு வந்தார். யாரும் கப்பலேற்றவில்லை, அவராகத்தான் ஏறினார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் இந்திய விவகார மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் வோட்டுரிமை கேட்டதற்கும் அவர்தான் ஏற்பாடு. 1921-ல் மதராஸ் மாகாணம் ஆண்களுக்கான அதே நிபந்தனைகளில் பெண்களுக்கும் வோட்டு கொடுத்தது. பிரிட்டனில் அந்தச் சமத்துவம் 1928-ல்தான் வந்தது. இதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். சர்க்கார் அவரை கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமித்தது. இந்தியாவில் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களை விசாரித்தார். கொடுத்த பதவிக்கு மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் 1932-ல் சர்க்காரின் அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசினார். ஓராண்டுத் தண்டனை, வேலூர் பெண்கள் சிறை. அப்போது வயது 54.

1940-களில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. அப்போது உதவிப்பணம் கொடுத்தது மதராஸ் அரசாங்கம், பிறகு நேரு. 1954-ல் அடையாறிலேயே காலமானார்.